வலை நிறுவனங்கள் நடத்தும் நிரல் போட்டிகள்: எல்லையோர மாணவருக்குப் பயன் உண்டா?

கேள்வி: தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளத்திலிருந்து ஒரு மாணவர், 14 ஜூன் 2025, மாலை

அண்ணா, நான் பத்தாம் வகுப்புவரை கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். இப்போது கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணினி படிக்கிறேன். தரப்படும் கணக்குகளுக்கு நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) எழுதித் தீர்க்கும் இணையப் போட்டிகளில் பெயர் கொடுத்துப் பார்த்தேன். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. இவை ஐஐடி மாணவர்களுக்கானவை, நம்மைப் போன்றவர்கள் அந்த நேரத்தில் கேம்பஸ் தேர்வுக்குப் படிக்கலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். கூகுளே தன் போட்டியை மூடிவிட்டது என்பதையும் சுட்டிக்காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

14 ஜூன் 2025, இரவு

கலந்துகொள்ளுங்கள் தம்பி. இதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பரிசையும் வேலையையும் மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு நுழைந்தால், சில மாதங்களில் சலித்துப்போய் உங்கள் சீனியர்கள் சொல்வதையே நீங்களும் சொல்வீர்கள். நான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்ததில், இந்தப் போட்டிகளின் பயன் போட்டி நடக்கும் இரண்டு மணி நேரத்தில் கிடைப்பது மிகக் குறைவு. முடிந்த பிறகு, நம்மால் தீர்க்க முடியாமல் போன முதல் கணக்கை எடுத்து, அதன் விளக்கத்தைப் படித்து, விளக்கத்தை மூடிவிட்டு நிரலை நாமே எழுதி, அது ஏற்கப்படும்வரை விடாமல் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பகுதி கிடைக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் வரும் பிள்ளைகளில் முன்னேறியவர்கள் எல்லோரும் இதைச் செய்தவர்கள். போட்டி முடிந்ததும் தரவரிசையைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடியவர்கள் அடுத்த ஆண்டும் அதே இடத்தில்தான் இருந்தார்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பும் நிரலைச் சோதிக்கும் கணினிக்கு உங்கள் கல்லூரியின் பெயர் தெரியாது. மறைத்து வைத்திருக்கும் உள்ளீடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, விடை சரியா, நேரத்துக்குள் வந்ததா என்று மட்டும் பார்க்கும். நம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரளத்தில் போனால் தமிழர் என்றும், தமிழ்நாட்டில் போனால் கேரளச் சான்றிதழ் என்றும் ஏதாவது ஒரு கேள்வி எப்போதும் முன்னால் வந்து நிற்கும். அந்தக் கேள்வி எழாத ஓர் இடம் இது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

15 ஜூன் 2025

ஆங்கிலத்தைப் பற்றி நேற்று ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கேள்வியில் உண்மையான தடை அதுதான் என்பது இன்று காலை மறுபடி படித்தபோது தெரிந்தது.

கேள்வியை மேலிருந்து கீழே படிக்காதீர்கள். கோட்ஃபோர்சஸ் போன்ற தளங்களில் கணக்கின் முதல் பத்தி பெரும்பாலும் ஒரு கதை. யாரோ ஒருவர் பூச்செடி நடுவார், இன்னொருவர் அதைப் பிடுங்குவார். அந்தக் கதைக்குள்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். முதலில் உள்ளீட்டு விவரத்துக்குப் போங்கள்: எத்தனை எண்கள் வரும், எந்த வரிசையில் வரும் என்று பாருங்கள். அடுத்து வரம்புகள், அதாவது எண்கள் எத்தனை வரை வரலாம், எவ்வளவு பெரியவையாக இருக்கலாம் என்பது. பிறகு மாதிரி உள்ளீட்டையும் விடையையும் தாளில் கையால் போட்டுப் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகு கதையைப் படித்தால், அதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஜப்பானின் அட்கோடர் தளத்தில் தொடக்கநிலைக் கணக்குகளுக்குக் கதையே பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டு மூன்று வரியில் நேராகக் கேட்டுவிடுவார்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

வரம்புகளைப் பார்த்ததும் வழி எது என்று ஓரளவு தெரிந்துவிடும். ஒரு நொடியில் ஏறத்தாழ 10 கோடி எளிய செயல்களைக் கணினி முடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்களின் எண்ணிக்கை 20ஐத் தாண்டாது என்றால், எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கலாம். அவை சுமார் 10 லட்சம்தான். 5,000 வரை என்றால், ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைகள்) இன்னொரு லூப் தாங்கும். 2 லட்சம் என்று இருந்தால் தாங்காது. வரிசைப்படுத்தியோ வேறு வகையிலோ ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டும். இதைச் சொல்ல ஆங்கிலப் புலமை தேவையில்லை, கேள்வியில் அந்த ஓர் எண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

18 ஜூன் 2025

உதாரணம் இல்லாமல் புரியவில்லை என்று புளியரையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். நியாயம்தான். நம் ஊர்க் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு வாளையாறு சோதனைச்சாவடியில் லாரிகள் எவ்வளவு தூரம் வரிசையில் நின்றன என்பது இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி வரிசையில் நிற்கும் லாரிகளின் சரக்கு எடைகள் தரப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து நிற்கும் லாரிகளைக் கூட்டினால் மொத்த எடை மிகச் சரியாக 7 டன் வரும் தொகுதிகள் எத்தனை? எடைகள் 3, 4, 2, 5, 7 என்றால் விடை 3. முதல் இரண்டு லாரிகள் ஒன்று, அடுத்த இரண்டு இன்னொன்று, கடைசி லாரி தனியாக மூன்றாவது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஒவ்வொரு லாரியிலும் தொடங்கி வலப்பக்கம் கூட்டிக்கொண்டே போவது. ஐந்து லாரிக்கு அது சரி. 2 லட்சம் லாரிகள் என்றால் 2,000 கோடித் தொகுதிகளைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி 200 நொடி ஆகும். போட்டியில் தருவது பொதுவாக ஒன்று அல்லது இரண்டு நொடி.

மாறாக, தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே வரும் கூட்டுத்தொகைகளை எழுதுங்கள்: 0, 3, 7, 9, 14, 21. இவற்றில் எந்த இரண்டுக்கும் இடையே 7 வித்தியாசம் இருக்கிறதோ, அவற்றுக்கு நடுவில் நிற்கும் லாரிகளின் எடை 7. ஆகவே ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் வரும்போது, அதில் 7ஐக் கழித்தால் வரும் எண் இதுவரை எத்தனை முறை வந்திருக்கிறது என்று மேப்பில் (ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அது வந்த தடவையைக் குறித்து வைக்கும் அட்டவணை) பார்த்தால் போதும். 7க்கு 0, 14க்கு 7, 21க்கு 14. விடை மூன்று. வரிசையை ஒரே ஒரு முறைதான் கடக்கிறோம்.

இப்போது கவனிக்க வேண்டிய இடம். பட்டியலின் முன்னால் நிற்கும் அந்த 0ஐப் பாருங்கள். எந்த லாரியையும் சேர்ப்பதற்கு முன் உள்ள கூட்டுத்தொகை அது. அதை மேப்பில் முதலிலேயே ஒரு முறை வந்ததாகப் பதிந்துவிட வேண்டும். பதியாவிட்டால் 3, 4 என்ற முதல் தொகுதி விட்டுப்போய் விடை 2 என்று வரும். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் நன்றாக யோசிப்பவர்கள்கூட வழியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, இந்த ஒரு வரி இல்லாததால் ‘ராங் ஆன்சர்’ வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் வேறெங்கோ தேடுவார்கள். மாதிரி உள்ளீட்டைக் கையால் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அடுத்தது எண்ணின் அளவு. சி++ மொழியில் முழு எண்களை வைக்கும் இன்ட் என்ற வகை 214,74,83,647 வரைதான் தாங்கும். ஒவ்வோர் எடையும் 100 கோடி வரை போகலாம் என்று கேள்வியில் இருந்தால், 2 லட்சம் லாரிகளின் கூட்டுத்தொகை 200 லட்சம் கோடி வரை போகும். இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் லாங் லாங் வகையில் வைக்காவிட்டால் கூட்டுத்தொகை குறை எண்ணாகக்கூட மாறி, விடை தவறிப்போகலாம், ஆனால் மாதிரி உள்ளீட்டில் எல்லாம் சரியாகவே தெரியும். பைதானில் இந்தச் சிக்கல் இல்லை. கேரளப் பள்ளிப் பாடத்தில் பைதானைத் தொட்டு வந்தவர்கள் அதிலேயே தொடங்கலாம். நேரம் போதாத கணக்குகள் வரும்போது சி++ பக்கம் போனால் போதும்.

19 ஜூன் 2025

நேற்றைய கணக்குக்கு இரண்டு மறுமொழிகள் வந்துள்ளன, இரண்டும் பயனுள்ளவை.

லாரி எடை எப்போதும் பூஜ்யத்துக்கு மேல்தானே, பிறகு மேப் எதற்கு என்று ஒருவர் கேட்கிறார். சரியான கேள்வி. எல்லா எண்களும் நேர்மம் என்றால், இடப்பக்கம் ஒரு விரல், வலப்பக்கம் ஒரு விரல் வைத்து, கூட்டுத்தொகை குறைந்தால் வலது விரலையும் மிகுந்தால் இடது விரலையும் நகர்த்தியே முடித்துவிடலாம். குறை எண்களோ பூஜ்யமோ வரக்கூடும் என்றால் அந்த வழி உடைந்துவிடும். மேப் வழி உடையாது. இதனால்தான் எண்களின் கீழ்வரம்பையும் பார்க்கச் சொல்கிறேன். எல்லோரும் மேல்வரம்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாமவர், சி++இல் எண்களை வரிசைப்படுத்தாமல் வைக்கும் அன்ஆர்டர்டு மேப் வேகமானது, அதையே பயன்படுத்தச் சொல்லலாமே என்கிறார். கோட்ஃபோர்சஸில் வேண்டாம். அங்கே மற்ற போட்டியாளர்கள் உங்கள் நிரலைப் படித்து, அது தவறும்படியான உள்ளீட்டை உருவாக்கி அனுப்பலாம். அன்ஆர்டர்டு மேப்பை ஆமை வேகத்துக்குக் கொண்டுவரும் உள்ளீடுகளை உருவாக்குவது எப்படி என்பது அங்கே பரவலாகத் தெரிந்த வித்தை. சாதாரண மேப் சற்று மெதுவானதுதான், ஆனால் யாராலும் கெடுக்க முடியாது.

இன்று கேரளத்தில் வாசிப்பு நாள். பி. என். பணிக்கர் நினைவாக ஊர் ஊராக நூலகங்களில் கூட்டம் நடக்கும் நாள். எங்கள் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து போட்டியில் கலந்துகொள்ள ஒரு மேசையும் இணைய இணைப்பும் கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

22 ஜூன் 2025

கூகுள் மூடிவிட்டது என்ற வாதத்துக்கு வருகிறேன்.

உண்மைதான். 2003இல் தொடங்கிய கோட் ஜாம், அதனுடன் கிக் ஸ்டார்ட், ஹேஷ் கோட் ஆகிய மூன்று போட்டிகளையும் நிறுத்துவதாக 2023 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று விடைபெறும் சுற்றுகளை நடத்திவிட்டு மூடியது. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் கணக்குகள் மறையவில்லை. பழைய கணக்குகளையும் விளக்கங்களையும் கூகுள் திரட்டிப் பொதுவில் வைத்திருக்கிறது. படிக்கும் ஒருவருக்குப் போட்டி முடிந்துபோனதால் இழப்பு குறைவுதான். நான் முதல் குறிப்பில் சொன்ன அந்தப் பின்வேலைக்கு வேண்டியவை எல்லாம் அங்கேயே கிடக்கின்றன.

கோட் ஜாமில் 2014 முதல் 2020 வரை ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்து வென்றவர் கென்னடி கரட்கேவிச். அவர் பெலாரூஸ் நாட்டின் கோமெல் ஊர்க்காரர். வரைபடத்தில் பாருங்கள்: ஒரு பக்கம் ரஷ்ய எல்லை, இன்னொரு பக்கம் உக்ரைன் எல்லை. தலைநகரும் இல்லை, பெருநிறுவனங்கள் குவிந்த நகரும் இல்லை. கோட்ஃபோர்சஸும் அப்படித்தான்: 2010இல் ரஷ்யாவின் சராத்தவ் நகரில் மைக் மிர்சயானவ் தொடங்கியது. எல்லையோரத்தில் இருக்கிறோம், மையத்திலிருந்து விலகியிருக்கிறோம் என்பது இந்தத் துறையில் அவ்வளவு பெரிய காரணம் ஆகாது.

ஃபேஸ்புக் 2011இல் தொடங்கிய ஹேக்கர் கப் இன்று மெட்டா ஹேக்கர் கப் என்ற பெயரில் தொடர்கிறது. அதன் முறை வேறு: உள்ளீட்டைப் பதிவிறக்கி, நம் கணினியிலேயே நிரலை ஓட்டி, ஆறு நிமிடத்துக்குள் விடையையும் நிரலையும் பதிவேற்ற வேண்டும். சரியா தவறா என்பது சுற்று முடியும்வரை தெரியாது. முதல் சுற்றுக்குப் பல ஆண்டுகள் 72 மணி நேரம் தந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் வீசும் மாதங்களில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து மின்சாரம் போவது நமக்குப் பழகிய ஒன்று. மூன்று நாள் அவகாசம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ஆறு நிமிடம் ஓடும்போது மட்டும் மடிக்கணினி முழுச் சார்ஜில் இருக்கட்டும், கைப்பேசி இணைப்பு ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

23 ஜூன் 2025

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்காவிட்டால் நேர்மையாக இருக்காது. கரட்கேவிச்சின் பெற்றோர் இருவரும் கோமெல் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர்கள். கணினி அவருக்குச் சிறு வயதிலேயே வீட்டில் கிடைத்தது. எல்லையூர் தடையில்லை என்பது உண்மை. வீட்டிலோ அருகிலோ கற்றுத்தர ஒருவர் இருந்தால் எவ்வளவு வேறுபாடு என்பதும் உண்மை. நூலக மேசைக்காக நான் அலைவது இரண்டாவது உண்மைக்காகத்தான்.

24 ஜூன் 2025

போட்டிகள் நடக்கும் நேரம் கேட்டவர்களுக்கு: அட்கோடர் தொடக்கநிலைப் போட்டி பெரும்பாலும் சனிக்கிழமை, நம் நேரம் மாலை 5.30, நூறு நிமிடம். லீட்கோடு ஞாயிறு காலை 8. கோட்செஃப் புதன் இரவு 8. கோட்ஃபோர்சஸ் பெரும்பாலும் இரவு 8.05, நாள் மாறும். கோவையில் வேலை முடித்துப் பாலக்காட்டு ரயிலைப் பிடித்து வருகிறவர்களுக்கு இரவுப் போட்டி சிரமம். கோட்ஃபோர்சஸில் முடிந்துபோன போட்டியைப் பிறகொரு நாள் அதே கடிகாரக் கணக்கில் எழுதிப் பார்க்கும் வசதி உண்டு. ரேட்டிங் (போட்டிகளில் செய்ததைக் கொண்டு தளம் தரும் மதிப்பெண்) மாறாது, பயிற்சி அப்படியே கிடைக்கும்.

29 ஜூன் 2025

வேலை பற்றிய பகுதியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம், இதில் என் கருத்து சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது.

முன்பெல்லாம் போட்டி ரேட்டிங் நன்றாக இருந்தால் வேலை தானாக வரும் என்று பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. நல்ல ரேட்டிங் இருந்தால் விண்ணப்பத்தை ஒரு முறை எடுத்துப் பார்ப்பார்கள், அதற்கு மேல் அது செய்வது கொஞ்சம். வேலையில் பிறர் எழுதிய நிரலைப் படிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஒன்றையே பராமரிக்க வேண்டும். போட்டி இவற்றைக் கற்றுத்தருவதில்லை. ஆனால் நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது முதல் கட்டமாக இணையத்தில் ஒரு நிரல் தேர்வு வைக்கிறார்கள் அல்லவா? அதில் வருவது பெரும்பாலும் நான் சொன்ன லாரிக் கணக்கின் உறவினர்கள்தான். ஆகவே சீனியர்கள் பிரித்துச் சொல்லும் இரண்டும், கேம்பஸ் தயாரிப்பும் போட்டியும், ஓரளவுக்கு ஒரே பாதை. இறுதி ஆண்டில் அவர்கள் மனப்பாடம் செய்ய முயல்வதை நீங்கள் இரண்டாம் ஆண்டிலேயே யோசித்துப் பழகுகிறீர்கள்.

மனத்தை உறுத்தும் வேறொரு விஷயம் உண்டு. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே டெலிகிராம் குழுக்களில் விடைகள் விற்பனைக்கு வருகின்றன. இப்போது அதற்கும் அவசியமில்லாமல், செயற்கை நுண்ணறிவுக் கருவியில் கேள்வியை ஒட்டினால் விடை வந்துவிடுகிறது. 2024இல் கோட்ஃபோர்சஸும் அட்கோடரும் இதற்கு எதிராக விதிகளை இறுக்கின. அதே ஆண்டு மெட்டா, கருவிகளுக்கென்றே ஹேக்கர் கப்பில் தனிப் பிரிவு வைத்தது. நல்ல திறமையுள்ள ஒரு பையன் இப்படி ஒட்டி அனுப்பி ரேட்டிங்கை உயர்த்தியதையும், பிறகு நேரில் வெள்ளைப் பலகை முன்னால் நின்றபோது ஒரு லூப்பை எழுத முடியாமல் திணறியதையும் நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அந்தத் திணறல் தேவையே இல்லை. கற்றுக்கொள்ளும் ஆற்றல் அவனிடம் இருந்தது. தம்பி, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: தாழ்ந்த ரேட்டிங்கோடு இருங்கள், ஆனால் அது உங்களுடையதாக இருக்கட்டும். போட்டி முடிந்த பிறகு அதே கருவியிடம், என் நிரல் எந்த உள்ளீட்டில் தவறும் என்று கேளுங்கள். அதில் தவறில்லை, நானும் கேட்கிறேன்.

மாணவரின் மறுமொழி: 5 ஜூலை 2025, இரவு

அண்ணா, இன்று நூலகத்தில் உட்கார்ந்து அட்கோடர் எழுதினோம். எனக்கு முதல் இரண்டு கணக்குகள் ஏற்கப்பட்டன. மூன்றாவதில் விடை சரி, நேரம் தாண்டிவிட்டது. வரம்பு 2 லட்சம் என்று இருந்தது. பார்த்தேன், ஆனால் வேறு வழி தோன்றவில்லை. மாதிரியைக் கையால் போட்டுப் பார்த்தேன். பைதானில் எழுதினேன். விளக்கத்தை இன்றே படிக்கவா, நாளை படிக்கவா?

6 ஜூலை 2025

நாளையல்ல, அடுத்த சனிக்கிழமைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பைப் பார்த்து, இந்த வழி தாங்காது என்று தெரிந்துகொண்டது நல்ல அடையாளம். முதல் கேள்வியில் இருந்த நிலைக்கும் இதற்கும் தூரம் அதிகம். விளக்கத்துக்குப் போகும் முன் ஒருநாள் தனியாக முயலுங்கள். உங்கள் உள் லூப் ஒவ்வொரு முறையும் எதைத் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது என்று தாளில் எழுதுங்கள். அதைச் சேமித்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் விளக்கத்தின் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு மூடுங்கள்.

பைதானில் உள்ளீட்டை வரி வரியாக இன்புட் கட்டளையால் வாங்குவதும் மெதுவானது. மொத்தமாக ஒரே முறையில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்கோடரில் பைபை என்ற வேகமான பைதான் வகையையும் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் கணக்குக்கு அது மட்டும் போதாது, ஆனால் அடுத்தவற்றுக்கு உதவும்.

மேசையில் உங்களுடன் இருந்த பதினோராம் வகுப்புப் பெண் முதல் கணக்கை முடித்ததாக நூலகர் சொன்னார். அவருக்கு வரம்புகளைப் பார்க்கும் முறையை நீங்களே சொல்லிக்கொடுங்கள். ஹேக்கர் கப் அறிவிப்பு வந்ததும் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் நூலகக் கணினியில் ஸ்டாக் (நிரல் தன்னைத்தானே அழைக்கும்போது இடைவிவரங்களை வைக்கும் நினைவக இடம்) அளவைக் கூட்டி வைக்க வேண்டும். விண்டோஸில் அது இயல்பாக 1 எம்பிதான். தன்னையே பல லட்சம் முறை அழைக்கும் நிரல், வழி சரியாக இருந்தும் அங்கே நின்றுவிடும். லினக்ஸில் ஒரே கட்டளையில் கூட்டலாம். பள்ளியில் லினக்ஸில் படித்தவர்கள் நீங்கள், அதை அடுத்த வாரம் நீங்களே செய்துவிடுவீர்கள்.